லிஃப்ட் செய்த எஸ்யூவியின் பின்பக்க ஷாக்கும் ஸ்பிரிங்கும்: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் ஃபோர் பை ஃபோர் வண்டிகளுக்கு சஸ்பென்ஷன் வேலை செய்கிறேன். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், இசிபிங்கோ, வெருலம் என்று எங்கிருந்து வந்தாலும் நம்மவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பக்கத்து பிராஸ்பெக்டன் ஆலையிலேயே தயாராவதால் ஃபார்ச்சூனர்தான் இங்கே அதிகம் ஓடுகிறது. உதாரணங்களும் அதைச் சுற்றியே வரும். எவரெஸ்ட், பிராடோ, பஜேரோ ஸ்போர்ட், எம்யூ-எக்ஸ் என்று பின்னால் நேர் ஆக்சிலும் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே திடமான அச்சு) காயில் ஸ்பிரிங்கும் (சுருள்) உள்ள மற்ற வண்டிகளுக்கும் இவை பொருந்தும்.

படிக்கும்போது ஒரு வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் எடை, பிறகு ஸ்பிரிங், பிறகு ஷாக். உயரம், அதாவது லிஃப்ட் செய்து வண்டியைத் தூக்குவது, கடைசியில்தான் வரும். உயரத்தில் ஆரம்பிப்பவர்கள்தான் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறார்கள்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே வேலைதானே செய்யுது?

இல்லை. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதும் அதுதான். ஷாக் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் அமுங்கி விரியும்போது அந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்தி, அந்தச் சக்தியைச் சூடாக மாற்றி வெளியே விடுகிறது.

அதனால் பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது என்பதற்காகப் புது ஷாக் வாங்கினால் வண்டி தாழ்ந்தேதான் நிற்கும். மேட்டில் ஏறி இறங்கிய பிறகு வண்டி ஊஞ்சலாடுகிறது என்பதற்காகக் கெட்டியான ஸ்பிரிங் போட்டால் ஆட்டம் இன்னும் கூடும்.

அண்ணா, எவ்வளவு தூக்கலாம்? மூணு இன்ச், நாலு இன்ச்னு பசங்க போடுறாங்களே?

தினமும் ஓட்டும் வண்டிக்கு 40 முதல் 50 மி.மீ. போதும். சானி பாஸுக்கும் கோசி பே மணலுக்கும் டிராக்கன்ஸ்பர்க் அடிவாரப் பாதைகளுக்கும் அதற்குமேல் தேவைப்படாது. அந்த அளவுக்குள் இருக்கும்வரை பிரேக் ஹோஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (பின் ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டு) கோணம், ஆக்சிலைப் பிடித்து வைக்கும் பக்கவாட்டு ராடு எல்லாம் பெரும்பாலும் கம்பெனி கொடுத்த இடத்திலேயே சமாளித்துக்கொள்ளும்.

75 மி.மீ.யைத் தாண்டினால் ஒவ்வொன்றாக அவற்றையும் மாற்ற வேண்டி வரும். ஈர்ப்பு மையம் உயர்வதால், வான் ரீனன்ஸ் பாஸில் பக்கக் காற்று அடிக்கும்போதும், என்3-யில் லாரியை ஓவர்டேக் செய்யும்போதும் வண்டி அசைவது நன்றாகத் தெரியும். குடும்பத்தோடு போகும் வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நேர் ஆக்சில் வண்டியில் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் ஆக்சிலின் நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியல் பானைக்குக் கீழே உள்ள இடைவெளி மாறாது. அது கூட வேண்டுமென்றால் பெரிய டயர்தான் வழி. லிஃப்ட் உயர்த்துவது பாடியையும் சேசிஸையும் மட்டும்.

கடையில ‘எத்தனை கிலோ ஸ்பிரிங் வேணும்’னு கேக்குறாங்க. என்ன சொல்றது?

ஓல்ட் மேன் ஈமு, ஐயன்மேன் போன்ற கம்பெனிகள் ஒரே வண்டிக்குப் பல வகை ஸ்பிரிங் தருகின்றன. வெறும் வண்டிக்கு ஒன்று, எப்போதும் சில நூறு கிலோ கூடுதல் சுமையோடு ஓடும் வண்டிக்கு ஒன்று, அதற்கும் மேலே ஒன்று. அந்தக் கிலோ என்பது எப்போதாவது ஏற்றும் சுமையைக் குறிப்பதில்லை. வண்டியிலேயே நிரந்தரமாக இருக்கும் கூடுதல் எடையை, அதாவது டிராயர், ஃபிரிட்ஜ், இரண்டாவது பேட்டரி, கூரைக் கூடாரம், பின் பம்பர், லாங்-ரேஞ்ச் டாங்க் ஆகியவற்றைக் குறிக்கிறது.

கெட்டி எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று ஒரு கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு பின் ஸ்பிரிங்கும் ஒரு மி.மீ. அமுங்க 25 நியூட்டன் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 50. பின் ஆக்சிலில் 200 கிலோ ஏற்றினால் ஏறக்குறைய 39 மி.மீ. இறங்கும். 35 நியூட்டன் ஸ்பிரிங்காக இருந்தால் 28 மி.மீ. மட்டுமே இறங்கும். ஆனால் அதே 35 நியூட்டன் ஸ்பிரிங், 300 கிலோ சுமையோடு 40 மி.மீ. லிஃப்டில் நிற்கும்படி செய்யப்பட்டிருந்தால், சுமை இல்லாத நாளில் இன்னும் 42 மி.மீ. எழும்பி நிற்கும். பின்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்பீட் ஹம்ப்பிலும் முதுகில் அடிக்கும்.

கம்பியின் தடிமனையும் கவனியுங்கள். கெட்டி, தடிமனின் நான்காம் அடுக்காகக் கூடும். சுற்றின் விட்டமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் அப்படியே இருக்க, 14 மி.மீ. கம்பியை 15 ஆக்கினாலே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கெட்டி கூடிவிடும். ‘கொஞ்சம் தடியாத்தானே இருக்கு’ என்று கண்ணால் பார்த்து எடுக்கக் கூடாது.

எடையை எப்படிப் பாக்குறது? அந்தாஜா சொல்லக் கூடாதா?

அந்தாஜாகச் சொல்பவர்கள் எப்போதும் குறைத்தே சொல்கிறார்கள். 80 லிட்டர் டீசல் மட்டுமே 67 கிலோ வரும். 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ. ஃபிரிட்ஜ், டிராயர், கூடாரம் எல்லாம் சேரும்போது 300 கிலோ என்பது சாதாரணம்.

பக்கத்தில் எங்கே வே பிரிட்ஜ் (வண்டியை எடை போடும் மேடை) இருக்கிறது என்று விசாரியுங்கள். பழைய இரும்பு வாங்கும் யார்டுகளில் பெரும்பாலும் இருக்கும். முழு வண்டியை ஒருமுறை எடை போடுங்கள். பிறகு பின் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறை எடை போடுங்கள். வெறும் வண்டியாக ஒரு தடவையும் பயணத்துக்குக் கட்டிய வண்டியாக ஒரு தடவையும் எடுத்தால் பின் ஆக்சிலுக்கு எவ்வளவு கூடுகிறது என்பது கையில் இருக்கும். அந்த ஓர் எண் இருந்தால் ஸ்பிரிங் தேர்வில் பாதி வேலை முடிந்தது. கூடவே நாலு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். பின்னால் பல கேள்விகளுக்கு இந்த அளவு தேவைப்படும்.

கெட்டியான ஸ்பிரிங் போட்டா ஜி.வி.எம். கூடுமா?

கூடாது. ஜி.வி.எம். என்பது சுமையோடு சேர்த்து வண்டி இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை. வண்டியின் தகட்டில் உற்பத்தியாளர் பொறித்த அந்த எடைதான் வரம்பு. ஸ்பிரிங் தாங்கினாலும் பிரேக், ஆக்சில், சக்கர பேரிங், சேசிஸ் எல்லாம் பழையவைதானே. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் பார்ப்பதும் அந்தத் தகட்டைத்தான்.

வருஷம் முழுக்க நான் ஒருத்தன்தான் வேலைக்கு ஓட்டுறேன். டிசம்பர் லீவுக்கு மட்டும் குடும்பம், சாமான் எல்லாம். எந்த ஸ்பிரிங்?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. என் பதிலில் தயக்கமே இல்லை: வருஷத்தின் பெரும்பகுதி வண்டி எப்படி ஓடுகிறதோ அதற்கு வாங்குங்கள். லேசான அல்லது நடுத்தர ஸ்பிரிங் போட்டு, டிசம்பர் சுமைக்கு ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப் பையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வார விடுமுறைக்காக மற்ற நாளெல்லாம் மனைவியும் பிள்ளைகளும் குலுங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. கெட்டி ஸ்பிரிங்கோடு வெறுமையாக ஓடும் வண்டியின் பின் சக்கரம், மழையில் வளைவின் நடுவே மேடு வந்தால் தரையை விட்டுத் துள்ளும். அது பாதுகாப்பு விஷயம்.

அந்தக் காற்றுப் பை நம்பலாமா? வெடிச்சிடும்னு சொல்றாங்க.

அளவோடு வைத்தால் நம்பலாம். காயிலுக்குள் உட்காரும் பை, சுமையை ஸ்பிரிங் தாங்கும் அதே இடத்தில்தான் தாங்குகிறது. எனவே சேசிஸுக்குப் புது அழுத்தப் புள்ளி உருவாவதில்லை. சுமை இல்லாதபோது சுருங்கிக் கிழியாமல் இருக்க அந்தக் கம்பெனி சொன்ன குறைந்தபட்சக் காற்று எப்போதும் உள்ளே இருக்க வேண்டும். இடது வலது இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் விடுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் ஒரு பையின் காற்று மற்றதற்கு ஓடி, வண்டி கூடச் சாயும்.

தாழ்ந்துபோன பழைய ஸ்பிரிங்கை நிமிர்த்த அதைப் பயன்படுத்தாதீர்கள். லிஃப்ட் செய்த வண்டியில் ஸ்பிரிங்கின் உள் உயரம் கூடியிருப்பதால் பையையும் அதற்குரிய நீளத்தில் கேட்டு வாங்க வேண்டும். குட்டையான பை உள்ளே நகர்ந்து, காயிலுக்கு நடுவில் மாட்டிக் கிழிவதுதான் ‘வெடிச்சது’ என்று சொல்லப்படும் பல கதைகளுக்குக் காரணம்.

ஸ்பேசர் வெச்சா அதே உயரம் கிடைக்குதே, விலையும் கம்மி. ஏன் வேணாம்ங்கிறீங்க?

ஸ்பேசர் என்பது ஸ்பிரிங்கின் முனையில் வைக்கும் தடித்த வளையம். அது உயரத்தை மட்டும் தரும், தாங்கும் திறனைத் தராது. 200 கிலோ ஏற்றினால் முன்பு எவ்வளவு இறங்கியதோ அவ்வளவே இறங்கும். சுமையே ஏற்றாத வண்டியில், பெரிய டயருக்கு இடம் வேண்டும் என்பதற்காக 20, 25 மி.மீ. ஸ்பேசர் வைப்பதில் பெரிய தப்பில்லை. அதற்கு மேல் போனால் ஷாக்கின் நீளம் பிரச்சினையாகும். அடுத்த இரண்டு பதில்களைப் பாருங்கள்.

ஸ்பிரிங் மட்டும் மாத்திட்டு கம்பெனி ஷாக்கையே வெச்சுக்கலாமா? ஷாக் இன்னும் புதுசு.

இரண்டு காரணங்களால் வேண்டாம். முதல் காரணம் நீளம். பாடியை 50 மி.மீ. உயர்த்தினால் ஷாக் நிற்கும் நிலையிலேயே 50 மி.மீ. கூடுதலாக நீண்டிருக்கும். குழியில் சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரம் அந்த அளவு குறைந்துவிடும். ஒவ்வொரு பாட்ஹோலிலும் ஷாக் முழுதாக நீண்டு ‘டக்’ என்று முட்டும். சக்கரத்தையும் ஆக்சிலையும் ஷாக்கின் கம்பியே தூக்கிப் பிடித்தால் சில மாதங்களில் சீலோ மேல் முனையோ போய்விடும்.

இரண்டாவது காரணம், கட்டுப்பாடு. கெட்டியான ஸ்பிரிங் திரும்பி எழும்பும்போது வேகமாக உதைக்கும். அதை அடக்க ஷாக்கின் திரும்பு விசையும் கூட வேண்டும். ஸ்பிரிங் 40 சதவீதம் கெட்டியானால், அதே எடைக்கு ஷாக் ஏறக்குறைய 18 சதவீதம் கூடுதலாக அடக்க வேண்டும். கம்பெனி ஷாக் கம்பெனி ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்டது. அது புதிதாக இருந்தாலும் இந்த வேலைக்குப் பொருந்தாது.

சரி, ஷாக் எவ்வளவு நீளம் வேணும்? நீளமா இருந்தா நல்லதுதானே?

ரொம்ப நீளமானதும் வண்டியைக் கெடுக்கும். அதுவும் குட்டையான ஷாக்கைவிட மோசமாகக் கெடுக்கும். ஷாக்குக்கு விரிந்த நீளம், மடிந்த நீளம் என்று இரண்டு அளவு உண்டு. விரிந்த நீளம் பெரிதானால் பெரும்பாலும் மடிந்த நீளமும் பெரிதாகும். சக்கரம் மேலே ஏறும்போது பம்ப் ஸ்டாப் (ஆக்சில் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர்) முட்டுவதற்கு முன்பே ஷாக் முழுதாக மடிந்து முட்டினால் அடி முழுவதும் ஷாக்குக்குள்ளேயும் மவுண்டிலும் இறங்கும். வெல்டிங் கிழிந்த மவுண்டுகளை இப்படித்தான் பார்க்கிறோம்.

சரியான முறை அளப்பதுதான். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, ஷாக்கைக் கழற்றி, ஆக்சிலை ஜாக்கியால் மேலே தூக்குங்கள். பம்ப் ஸ்டாப் நன்றாக அமுங்கியதும் மேல் மவுண்டுக்கும் கீழ் மவுண்டுக்கும் இடையே அளந்து எழுதுங்கள். வாங்கும் ஷாக்கின் மடிந்த நீளம் அதைவிட 10 முதல் 15 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். பிறகு ஆக்சிலை மெதுவாக இறக்குங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், டிஃபரன்ஷியல் மூச்சுக் குழாய் இவற்றில் எது முதலில் இழுபடத் தொடங்குகிறதோ அங்கே நிறுத்தி அளந்தால் அதிகபட்ச நீளம் தெரியும். ஷாக்கின் விரிந்த நீளம் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சக்கரம் கீழே தொங்கும்போது பிரேக் ஹோஸ்தான் ஆக்சிலைத் தாங்கி நிற்கும்.

இதையே ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் வைத்துச் செய்து பாருங்கள். சானி பாஸின் வளைவுகளில் ஆக்சில் அப்படித்தான் முறுக்கிக்கொள்ளும். 2,870 மீட்டர் உயரத்துக்கு ஏறும் அந்தப் பாதையில் வேகம் கிடையாது, ஆனால் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடுவதுதான் பிடிப்பு. முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையில் இறுக்கமாக இருக்கிறதா என்றும் கையால் ஆட்டிப் பாருங்கள். தளர்ந்து ஆடினால் ஷாக் நீளம் ஸ்பிரிங்குக்கு அதிகம்.

ட்வின் டியூப், மோனோ டியூப், ஃபோம் செல்... எது நல்லது?

எங்கே ஓட்டுகிறீர்கள் என்று சொன்னால்தான் பதில் உண்டு. ஷாக்கின் எதிரி சூடு. வரிவரியாக மேடு விழுந்த கிராவல் ரோட்டில், இங்கே எல்லோரும் காருகேஷன் என்று சொல்வதில், சக்கரம் நிமிடத்துக்குப் பல நூறு தடவை ஏறி இறங்கும். எண்ணெய் சூடேறி நீர்த்துப்போகும். சாதாரண ட்வின் டியூபில், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய் உள்ள ஷாக்கில், எண்ணெயும் வாயுவும் ஒரே அறையில் இருப்பதால் இரண்டும் கலந்து நுரைக்கும். பிஸ்டன் நுரைக்குள் ஓடினால் கட்டுப்பாடே இருக்காது. வண்டி மிதக்கத் தொடங்கும்.

ஃபோம் செல்லில் வாயுவுக்குப் பதிலாக மூடிய குமிழ்கள் கொண்ட நுரைப்பஞ்சு இருப்பதால் எண்ணெய் நுரைப்பது குறைவு. எண்ணெய் அளவும் பொதுவாக அதிகம். ஒரே குழாய் உள்ள மோனோ டியூபில் எண்ணெயையும் நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கிறது, அழுத்தம் 20 முதல் 30 பார் வரை இருக்கும். வெளிக் குழாயே எண்ணெயைத் தொட்டுக்கொண்டிருப்பதால் காற்றுப் பட்டுச் சீக்கிரம் ஆறும். ஆனால் அதே குழாயில்தான் பிஸ்டன் ஓடுகிறது. கல் அடித்து ஒரு பள்ளம் விழுந்தால் ஷாக் முடிந்தது. ட்வின் டியூப் அந்த அடியைத் தாங்கும்.

நகரமும் டிராக்கன்ஸ்பர்க் வாரக்கடைசியும் என்றால் நல்ல ட்வின் டியூப் கேஸ் ஷாக் போதும். செரஸிலிருந்து கால்வினியாவுக்குப் போகும் ஆர்355, கலகாடி பூங்காவின் பாதைகள், நமீபியா என்று நாள் முழுக்கக் காருகேஷனில் சுமையோடு ஓடுபவர்களுக்கு ஃபோம் செல் அல்லது பெரிய பிஸ்டன் உள்ள மோனோ டியூப். மோனோவானால் கல் தடுக்கும் கவசத்தையும் சேர்த்தே வாங்குங்கள். தனி டாங்க் வைத்த ரிசர்வாயர் ஷாக் எடை கூடிய, தொலைதூரம் போகும் வண்டிக்கு மட்டும் அர்த்தமுள்ளது.

நல்ல ஷாக்தான் போட்டேன், ஒரே டிரிப்ல ரெண்டு பின் ஷாக்கும் எண்ணெய் ஒழுகிருச்சு. டூப்ளிகேட்டா?

பெரும்பாலும் டயர் காற்றும் வேகமும்தான் காரணம். தார் ரோட்டுக்கு வைத்த 2.4 பாரோடு காருகேஷனில் 100 கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கணக்காகப் போனால் எந்த ஷாக்கும் தாங்காது. கிராவலில் 1.6 முதல் 1.8 பார் வரை குறைத்து, வேகத்தை 60, 80-க்குள் வையுங்கள். பின்னால் சுமை மிக அதிகமானால் 2.0 வரை இருக்கலாம். டயரின் பக்கச்சுவர் சிறு அடிகளை விழுங்கிக்கொண்டால் ஷாக்குக்கு வேலை குறையும். தாருக்குத் திரும்பியதும் மறக்காமல் காற்றை ஏற்றுங்கள்.

வண்டி மிதப்பதாகத் தெரிந்தால் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஷாக்கைக் கையால் தொட வேண்டாம், தோல் வெந்துவிடும். தண்ணீரும் ஊற்ற வேண்டாம்.

பட்டன் திருகி கெட்டி, லேசு மாத்துற ஷாக் வாங்கலாமா?

அடிக்கடி சுமை மாறும் வண்டிக்குப் பயன்படும். ஆனால் அந்தத் திருகு ஸ்பிரிங்கின் தவறைச் சரிசெய்யாது. தாழ்ந்து நிற்கும் வண்டியில் ஷாக்கைக் கெட்டியாக்கினால், தாழ்ந்தும் குலுங்கியும் ஓடும்.

படகு டிரெய்லர் இழுத்துக்கிட்டு சொட்வானா போவோம். டோ பால்ல 100 கிலோதான். அதுக்கு என்ன ஸ்பிரிங்?

அந்த 100 கிலோ பின் ஆக்சிலுக்கு 100 கிலோவாக இறங்காது. டோ பால் ஆக்சிலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் நெம்புகோல் கணக்கு வரும். ஃபார்ச்சூனரின் வீல்பேஸ் 2,745 மி.மீ. பால் ஆக்சிலுக்குப் பின்னால் 1,200 மி.மீ. தள்ளி இருந்தால், பின் ஆக்சிலில் கூடுவது ஏறக்குறைய 144 கிலோ. முன் ஆக்சிலிலிருந்து 44 கிலோ குறையும். முன்பக்கம் லேசாவதால் ஸ்டியரிங் மிதப்பதும் ஹெட்லைட் மேலே பார்ப்பதும் அதனால்தான். டிரெய்லரைக் கட்டியே பின் சக்கரங்களை மட்டும் வே பிரிட்ஜில் எடை போடுங்கள். எப்போதாவது இழுப்பவர்களுக்குக் காற்றுப் பை, வாராவாரம் இழுப்பவர்களுக்கு அடுத்த அளவு ஸ்பிரிங்.

டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் சாதாரண கார் லைசென்ஸான கோட் பி போதாது, கனமான டிரெய்லருக்குரிய இ.பி. லைசென்ஸ் வேண்டும். ஸ்பிரிங் கேட்க வருபவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை.

கோயில் திருவிழாவுக்கு அரிசி மூட்டை, அண்டா, கேஸ் சிலிண்டர்னு ஏத்திக்கிட்டு இசிபிங்கோ போவோம். பின்னாடி ரொம்ப உட்காருது.

வருஷத்தில் சில நாள் என்றால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டாம். மூட்டைகளைப் பின் கதவோரம் அடுக்காமல், பின் சீட்டை மடக்கி முடிந்தவரை ஆக்சிலுக்கு முன்னால் வையுங்கள். மேலே டோ பாலுக்குச் சொன்ன நெம்புகோல் கணக்கு இங்கேயும் அப்படியே. அதோடு சிலிண்டரை நிமிர்த்திக் கட்டுங்கள்.

லிஃப்ட் பண்ணதுக்கப்புறம் பின் டயர் ஒரு பக்கம் வெளியே தெரியுது, இன்னொரு பக்கம் உள்ளே போன மாதிரி. ஆக்சில் வளைஞ்சிருச்சா?

வளையவில்லை. ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து வைக்கும் ராடு ஒரு முனையில் சேசிஸிலும் மறுமுனையில் ஆக்சிலிலும் மாட்டியிருக்கும். பாடி உயரும்போது அது சாய்ந்து ஆக்சிலை ஒரு பக்கம் இழுக்கும். 50 மி.மீ. லிஃப்டுக்கு இது சில மி.மீ.தான். கண்ணுக்குத் தெரிந்தாலும் ஓட்டத்துக்குக் கெடுதல் இல்லை. 10 மி.மீ. அளவுக்குப் போனால் நீளம் திருத்தும் ராடு வாங்கி மையத்துக்குக் கொண்டுவரலாம். எவரெஸ்டில் இந்த ராடுக்குப் பதில் ஆக்சிலை நடுவிலேயே வைத்திருக்கும் வாட்ஸ் லிங்க் என்ற இணைப்பு இருப்பதால் இந்த நகர்வு இருக்காது.

எண்பதுல போனா ஒரு அதிர்வு வருது. முன்னாடி இல்ல.

ஆக்சில் கீழே போனதால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறியிருக்கும். முதலில் டயர் பேலன்ஸைப் பாருங்கள், பெரும்பாலும் புது டயரோடு சேர்த்தே லிஃப்ட் செய்திருப்பீர்கள். அது சரியென்றால் அந்த ஷாஃப்டின் மூட்டான யூனிவர்சல் ஜாயின்டில் தேய்மானம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஜாயின்ட் பழைய கோணத்தில் சத்தமில்லாமல் ஓடியிருக்கும், புதுக் கோணத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பழைய பக்கிகளிலும் (பிக்கப் வண்டிகள்) சில எஸ்யூவிகளிலும் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி பிரேக் வால்வுக்குப் போகும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தை அது கூட்டிக் குறைக்கும். வண்டியை உயர்த்தினால் ‘சுமையே இல்லை’ என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே விடுவது எனக்குச் சம்மதமில்லை. ஹெட்லைட் உயரத்தையும் அதே நாளில் சரிசெய்துவிடுங்கள்.

ஹைலக்ஸ் லீஃப் ஸ்பிரிங்குக்கும் இதே பதில்தானா?

எடை, ஷாக் நீளம், சூடு எல்லாம் அதேதான். ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியம்: லீஃபுக்கும் (அடுக்கிய தகடுகளால் ஆன ஸ்பிரிங்) சேசிஸுக்கும் நடுவில் வைக்கும் காற்றுப் பை சேசிஸின் நடுப்பகுதியில் ஒரே இடத்தில் அழுத்தும். டபுள் கேப் பக்கியில் ஆக்சிலுக்கு வெகு பின்னால் சுமை தொங்கினால் சேசிஸ் அங்கே வளையலாம், விரிசலும் விடலாம். லீஃப் பக்கிக்கு நான் சரியான எடைக்குரிய லீஃப் செட்டைத்தான் சொல்வேன்.

கடலோரத்துல மீன் பிடிக்கப் போறோம். உப்பு ஸ்பிரிங்கைத் தின்னுடுமா?

தின்னும். ஸ்பிரிங்கின் பெயின்ட் கல் பட்டு உரிந்த இடத்தில் துரு குழி விழும், உடைவதும் அங்கேதான். ஷாக்கின் பளபளப்பான கம்பியில் துருப்புள்ளி வந்தால் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் சீலை அறுக்கும். வீடு திரும்பிய அன்றே ஸ்பிரிங் இருக்கையின் மணலை, அழுத்தம் குறைவான நல்ல தண்ணீரில் நேரம் எடுத்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷரை ஷாக் சீலுக்கு நேராகப் பிடிக்காதீர்கள்.

காரண்டி போயிடுமா? இன்சூரன்ஸ்?

2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தென்னாப்பிரிக்கக் காம்பெட்டிஷன் கமிஷன் வழிகாட்டுதல்கள், வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தீர்கள் என்பதற்காக முழு வாரண்டியையும் ரத்து செய்ய இடம் தருவதில்லை. ஆனால் நீங்கள் மாட்டிய பாகத்தால் ஏற்பட்ட சேதத்துக்கு உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டியதில்லை. லிஃப்டுக்குப் பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட் போனால் வாதம் வரும். மாட்டிய பாகத்தின் எண், பில், அளவுகள் எல்லாவற்றையும் வைத்திருங்கள். இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் ஏற்றுக்கொண்ட பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

மாட்டி ரெண்டு மாசம் ஆச்சு, பின்னாடி 8 மி.மீ. இறங்கிருச்சு. ஸ்பிரிங் மட்டமா?

புது ஸ்பிரிங் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் கொஞ்சம் உட்காரும், 10 மி.மீ. வரை கவலை வேண்டாம். அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் ஸ்பிரிங் மட்டம், அல்லது சுமை அதன் அளவைத் தாண்டிவிட்டது. முதலில் எழுதி வைத்த மட்கார்டு அளவுகள் இப்போதுதான் உதவும்.

எல்லாம் மாத்தியாச்சு, ஆனா இன்னும் கெட்டியா அடிக்குது. ஸ்பிரிங்கா ஷாக்கா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மெதுவாக ஒரு ஸ்பீட் ஹம்ப்பில் ஏறி இறங்குங்கள். ஏறும்போதே பின்பக்கம் முதுகில் தள்ளினால் ஸ்பிரிங் சுமைக்கு மிஞ்சிய கெட்டி. இறங்கும்போது ‘டக்’ சத்தம் வந்தால் ஷாக் முழுதாக நீண்டு முட்டுகிறது. சின்னச் சின்னக் கற்களில் மட்டும் சடசடவென்று அடித்து, பெரிய மேட்டில் நன்றாகப் போனால் ஷாக்கின் வால்வு கெட்டி, அல்லது டயர் காற்று அதிகம். அதனால் முதலில் காற்றைக் குறைத்துப் பாருங்கள், செலவில்லை.

இவை எதுவும் இல்லை என்றால் ரப்பர் புஷ்களைப் பார்க்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்ட நிலையிலேயே ஆக்சில் ஆர்ம்களின் போல்ட்டை முறுக்கியிருந்தால், தரையில் இறக்கியதும் புஷ்கள் எப்போதும் முறுக்கேறியே இருக்கும். அவையே ஒரு ஸ்பிரிங் போல எதிர்க்கும், சீக்கிரம் கிழியவும் செய்யும். அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரங்கள் தரையில் இருக்க, வண்டி தன் எடையில் நிற்கும்போது மறுபடி டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள்.

இடது பக்கமும் வலது பக்கமும் 12 மி.மீ. வித்தியாசம். ஸ்பிரிங் மாறிப் போச்சா?

மாறியிருக்கலாம். சில செட்டுகளில் இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே உயரம் இருக்காது. ஓட்டுநர் பக்கத்துக்குச் சற்று உயரமானது வரும், ஸ்பிரிங்கிலோ அட்டையிலோ குறி இருக்கும். அதை மாற்றி மாட்டியிருந்தால் வித்தியாசம் இரண்டு மடங்காகத் தெரியும். குறி சரியாக இருந்தால் எடையைப் பாருங்கள். இரண்டாவது பேட்டரி, தண்ணீர் டாங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் ஒரே பக்கம் வைத்திருப்பவர்கள் நிறைய. ஃபிரிட்ஜை மறுபக்கம் நகர்த்தி, தண்ணீரைக் காலி செய்து, சமதளத்தில் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி நிறுத்திவிட்டு மறுபடி அளங்கள். பிறகும் 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஸ்பிரிங் தன் இருக்கையின் நிறுத்தத்தில் சரியாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் கடைக்காரரிடம் பேசுங்கள்.